பதினாலு பெட்டிகளுக்குப் பிறகு

முதுநகர், கடலூர்
14.6.2024

சத்யா,

நாலு நாளாக நீ போன் எடுக்கவில்லை. உன் அப்பா எடுத்து, "அது தூங்குது மாப்ள" என்கிறார். காலையிலும் தூங்குகிறாய், மத்தியானமும் தூங்குகிறாய் என்றால் நான் நம்ப வேண்டுமா. மெயில் அனுப்பினால் படிப்பாய் என்று உன் சிநேகிதி ஸ்ரீமதி சொன்னாள். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. கல்யாணத்துக்கு முன்னால்கூட உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை.

ஒரு பட்டன், சத்யா. அதற்காகக் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துப் பெண்டாட்டி பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போவாளா. குறிஞ்சிப்பாடிப் பள்ளிக்காரர்கள் ரெண்டே நாளில் வெப்சைட்டுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பக்கம். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்றார்கள். 'சமர்ப்பி' என்ற எழுத்தை ஆரஞ்சு நிறத்தில் ஒரு படமாக வரைந்து, அதைத் தொட்டால் விண்ணப்பம் போகிற மாதிரி வைத்தேன். கண்ணுக்குப் பட்டன் மாதிரியே இருக்கும். உன் கம்ப்யூட்டரில் எழுத்தைப் படித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடருக்கு அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாது என்பது செய்யும்போது எனக்குத் தோன்றவில்லை. தப்புதான். ஆனால் வேண்டுமென்று யாராவது செய்வார்களா.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் விண்ணப்பத்தை நானே போட்டுக் கொடுத்திருப்பேன். நானே செய்கிறேன், நானே செய்கிறேன் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய்.

அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

ராஜ்கமல்


சிதம்பரம்
17.6.2024

ராஜ்கமல் அவர்களுக்கு,

போன் வேண்டாம். போனில் ரெண்டு நிமிஷம் பேசினால் நீங்கள் என்னைச் சமாதானம் செய்துவிடுவீர்கள். நாலு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. மெயிலில் உங்கள் குரல் இல்லை. ஸ்கிரீன் ரீடரின் தகரக் குரல் படிக்கிறது. அந்தக் குரலில் கேட்டால் நீங்கள் சொல்வதில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

என் அம்மா நன்றாக இருக்கிறாள். அவளுக்கு நோய் வைக்காதீர்கள்.

ஒரு பட்டன் என்று எழுதுகிறீர்கள். அந்தப் பக்கம் எனக்கு எப்படிக் கேட்டது என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா. "எடிட், ப்ளாங்க்." அடுத்தது, "எடிட், ப்ளாங்க்." இப்படிப் பதினாலு தடவை. எழுத ஒரு பெட்டி இருக்கிறது, அது காலியாக இருக்கிறது, அவ்வளவுதான் அது சொல்லும். எதில் பெயர், எதில் படிப்பு, ஒன்றும் சொல்லாது. நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து வரிசையைச் சொன்னீர்கள், நான் மனப்பாடம் செய்தேன். முதல் பெட்டி பெயர், ரெண்டாவது பிறந்த தேதி. பதினாலையும் சொன்னவர் அதற்கு அடுத்தது என்ன என்று சொல்லவில்லை. கேட்டதற்கு, "கீழ இருக்கும் பாரு, நெட்டு ஸ்லோவா இருக்கு" என்றீர்கள். மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பதினாலாவது பெட்டிக்குப் பிறகு பள்ளியின் முகவரி, அதோடு பக்கம் முடிந்துவிடும். திரும்ப மேலே போவேன். மூன்று நாள், மொத்தம் எத்தனை தடவை என்று தெரியாது. ஏப்ரல் முப்பதோடு தேதி முடிந்தது. எம்.ஏ., பி.எட். முடித்து ஆறு வருஷம் கழித்து வந்த ஒரே தமிழாசிரியர் வேலை அது.

அன்றைக்கு உங்கள் தோளில் சாய்ந்து, என் கை கெட்டுப்போய்விட்டது என்று அழுதேன். நீங்கள் தலையைத் தடவி, "ஒனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், நான் இருக்கேன்ல" என்றீர்கள். அதற்குப் பிறகு நாற்பது நாள் நான் கீபோர்டையே தொடவில்லை. கம்மாபுரத்திலிருந்து ஸ்ரீமதி பேசினாள். அவளுக்கும் என்னைப் போலவே பார்வை கிடையாது. "எனக்கும் அந்த எடத்துல ஒண்ணுமே படிக்கல சத்யா, அவுங்க பட்டனே வெக்கல" என்றாள். என் கையில் கோளாறு இல்லை என்று இன்னொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதை வந்து உங்களிடம் சொன்னபோது, ஒரு பட்டனுக்கா இவ்வளவு என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் பையை எடுத்தேன்.

சத்யப்பிரியா


முதுநகர்
25.6.2024

சத்யா,

ஒரு வாரமாக எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று ஆபீஸில் துண்டை எடுத்துக் கண்ணில் கட்டிக்கொண்டு, ஸ்கிரீன் ரீடரைப் போட்டு, நான் செய்த பக்கத்தில் நானே உட்கார்ந்தேன். நம் ஆபீஸில் டிசைன் பார்க்கிற சிலம்பரசன் வந்து, "என்னாண்ணே, கண்ணாமூச்சியா" என்றான். ஏழாவது பெட்டியில் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. எரிச்சலில் துண்டை அவிழ்த்துவிட்டேன்.

பக்கத்தின் கோடிங்கைத் திறந்து பார்த்தேன். நூற்றெண்பது டிவ். பள்ளியின் பெயர் ஒரு டிவ், மெனு ஒரு டிவ், தலைப்பு ஒரு டிவ், அந்தப் பாழாய்ப்போன பட்டனும் ஒரு டிவ். டிவ் என்றால் சும்மா ஒரு கட்டம், அதற்குள் என்ன இருக்கிறது என்று அது யாருக்கும் சொல்லாது. பத்து வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பெரிய எழுத்தில் போட்டால் தலைப்பு, கட்டம் போட்டு நிறம் அடித்தால் பட்டன். பார்க்கிறவனுக்கு மட்டும்.

எனக்குச் சொல்லு. ஒரு பக்கம் திறந்ததும் நீ முதலில் என்ன செய்வாய்? நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இப்போது கேட்கிறேன். திட்ட வேண்டுமானால் திட்டிவிட்டுச் சொல்லு.

ராஜ்கமல்


சிதம்பரம்
2.7.2024

ராஜ்கமல் அவர்களுக்கு,

அவிழ்க்கத் தெரிந்த துண்டைக் கட்டிக்கொண்டு பார்வையில்லாதவர் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டேன் என்று எழுதாதீர்கள். எரிச்சல் வந்ததும் அவிழ்த்துவிட்டீர்கள். எனக்கு ஒன்பது வயதிலிருந்து கட்டியிருக்கிறது. திட்டு முடிந்தது. இனி நீங்கள் கேட்டதற்குப் பதில்.

அப்பா கண்டக்டராக இருந்தபோது சின்னப் பிள்ளையாக அவர் பஸ்ஸில் கடலூருக்குப் போவேன். "முட்லூர் எறங்கு, புதுச்சத்திரம் எறங்கு, ஆலப்பாக்கம் எறங்கு" என்று ஒவ்வொரு ஸ்டாப்பிங்குக்கும் கத்துவார். அதனால் எங்கே போகிறோம் என்று எனக்கு எப்போதும் தெரியும். ஒரு பக்கத்தில் தலைப்புகள் எனக்கு அப்படி. எச் என்ற எழுத்தை அழுத்தினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவும். ஆனால் அது நிஜத் தலைப்பாக, எச் ஒன், எச் டூ என்று கோடிங்கில் எழுதியிருக்க வேண்டும். பெரிய எழுத்து எனக்குக் கேட்காது. உங்கள் பக்கத்தில் எச்சை அழுத்தினேன், தலைப்பே இல்லை என்றது. ஒரு ஸ்டாப்பிங்கும் சொல்லாமல் போகிற பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டீர்கள்.

முக்கியமான விஷயத்தை மெயின் என்ற டேகுக்குள், அதாவது கோடிங்கில் அந்தப் பெயர் போட்ட கட்டத்துக்குள் வையுங்கள். ஒரே தாவலில் அங்கே போய்விடுவேன். மெனுவுக்கு நேவ் என்ற டேக். இல்லாவிட்டால் 'எங்கள் பள்ளி', 'பேருந்து வசதி', 'ஆண்டு விழாப் படங்கள்' எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அது எதற்கு என்று சொல்கிற லேபிள். பட்டனுக்குப் பட்டன். பட்டன் என்று ஒரு டேக் இருக்கிறதே, அது எத்தனை வருஷமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் படம் வரைந்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கண்ணால் பார்த்தால்தான் புரிகிற மாதிரி எதையும் செய்யாதீர்கள். அவ்வளவுதான் இதில் உள்ள வித்தை.

அப்பா சாப்பிடும்போது உங்களைப் பற்றிக் கேட்டார். வேலை ஜாஸ்தி என்று சொன்னேன்.

சத்யப்பிரியா


முதுநகர்
4.8.2024

சத்யா,

முடித்துவிட்டேன். பள்ளியின் கரஸ்பாண்டன்ட் காலில் விழாத குறையாகக் கேட்டு, பழைய பக்கத்தை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மேலே ஹெடர், அதில் பள்ளியின் பெயர். அடுத்து நேவ். பிறகு மெயின். அதற்குள் விண்ணப்பம் மூன்று பகுதியாக இருக்கிறது: உங்களைப் பற்றி, படிப்பு, அனுபவம். மூன்றுக்கும் நிஜத் தலைப்பு. பெட்டிக்கெல்லாம் லேபிள். எது தப்பாக நிரப்பியிருக்கிறது என்பதைச் சிவப்பாகக் காட்டாமல் எழுத்தில் சொல்லும். கடைசியில் பட்டன். கீழே ஃபுட்டர், அதில் பள்ளியின் முகவரி.

நிறம், அலங்காரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் பக்கத்தை ஒரு தடவை பார்த்தேன். வெள்ளையில் கறுப்பு எழுத்து. அழகு ஒன்றும் இல்லை. ஆனால் மேலிருந்து கீழே படித்தால் எல்லாம் விளங்கியது. சிலம்பரசன் பார்த்துவிட்டு, "இப்பதாண்ணே இது பக்கம்" என்றான். நூற்றெண்பது டிவ் பதினொன்றாகிவிட்டது.

லிங்க் அனுப்பியிருக்கிறேன். சோதனைக்காக மட்டும்தான், விண்ணப்பம் எங்கும் போகாது. நீ பார்த்துத் தப்புச் சொன்னால் திருத்துகிறேன்.

வீட்டில் நீ வைத்த சாமான் எதையும் நகர்த்தவில்லை. உன் நாற்காலி, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் அங்கேயே இருக்கின்றன. நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை, சத்யா.

ராஜ்கமல்


சிதம்பரம்
28.8.2024

என்னங்க,

பதில் எழுத லேட்டாகிவிட்டது. லிங்கைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் ஒன்றும் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இருபது நாள் தள்ளிப்போட்டேன். போன வாரம் ஸ்ரீமதி திட்டித்தான் திறந்தேன்.

எச் ஒன் ரெண்டு வைத்திருக்கிறீர்கள், ஒரு பக்கத்துக்கு முதல் தலைப்பு ஒன்று போதும். பள்ளிப் படத்துக்கு விளக்கம் எழுதச் சொன்னால், 'நீல வானத்தின் கீழ் கம்பீரமாக நிற்கும் எழில்மிகு கட்டடத்தின் முன் புன்னகை பூத்த மாணவச் செல்வங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். என்ன மேடைப் பேச்சா அது. 'பள்ளியின் முன் மாணவர்கள்' என்று போட்டால் ஆகாதா. நானும் அம்மாவும் வாய்விட்டுச் சிரித்தோம். ரொம்ப நாளாயிற்று.

மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. கடைசிப் பெட்டிக்கு அடுத்து, "பட்டன், சமர்ப்பி" என்று சொன்னது. அழுத்தினேன். மறுபடியும் திறந்து மறுபடியும் அழுத்தினேன். அன்றைக்கு ஐந்து தடவை சும்மாவே அழுத்தினேன்.

இப்போது தினமும் டைப் செய்கிறேன். நீங்கள் தெரியாமல் செய்த தப்புக்கு இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது அதிகம்தான். சிரித்ததற்கு மட்டும் இன்னும் கோபம் இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா நண்டு வாங்க வேண்டும் என்கிறார். நீங்கள் வருகிற அன்றைக்கு மறுநாள் சதுர்த்தி என்றால் காதில் வாங்கமாட்டேன் என்கிறார்.

சத்யா


முதுநகர்
31.8.2024

சத்யா,

உன் கடிதத்தை ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தெரியாமல் செய்த தப்பு என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியை வைத்துக்கொண்டு உன்னைக் கூட்டிவர என்னால் முடியாது.

பட்டனுக்குப் படம் வரைந்தபோது தோன்றவில்லை என்று எழுதியது உண்மை. ஆனால் மறுநாளே எனக்குத் தெரியும். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி சிலம்பரசன் வந்து, "அண்ணே, அக்கா அப்ளை பண்ணப்போறாங்கன்னீங்களே, அந்தப் பட்டன் அவுங்களுக்குப் படிக்காதே, அஞ்சு நிமிசம் குடுங்க மாத்திடறேன்" என்றான். "இரு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். பதினெட்டு நாள் இருந்தது. ஐந்து நிமிஷ வேலை.

நீ மூன்று நாள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாயே, நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். "எடிட், ப்ளாங்க்" என்ற சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. முப்பதாம் தேதி நெய்வேலியில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு வேலையும் இல்லை. நம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நீ எட்டு தடவை கூப்பிட்டாய். ஒவ்வொரு தடவையும் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். நீ குறிஞ்சிப்பாடிக்குத் தனியாகப் போய் விழுந்துவிடுவாய் என்ற பயம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நம் கல்யாணத்தில் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, "பெரிய மனசுப்பா ஒனக்கு" என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நீ கை நீட்டினால் நான் இருப்பேன் என்பது பிடித்திருந்தது. நீயே போய், நீயே சம்பாதித்து, நீயே வந்துவிட்டால் நான் யார் என்று தெரியவில்லை. அதனால் உன்னை உன் கையையே சந்தேகப்பட விட்டேன். நீ என் தோளில் அழுதபோது, சத்யா, எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

சிலம்பரசனை எதுவும் கேட்காதே. அவன் சொல்லத்தான் செய்தான்.

வெள்ளிக்கிழமை வரச் சொன்னால் வருகிறேன்.

ராஜ்கமல்


சிதம்பரம்
5.9.2024

நாளைக்கு வர வேண்டாம்.

அப்பாவிடம் உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

சத்யப்பிரியா


முதுநகர்
11.9.2024

சத்யா,

நீ எழுதாமல் இருப்பது நியாயம். நான் எழுதுவது நியாயமா என்று தெரியவில்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். குறிஞ்சிப்பாடியில் ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கி எடுத்த தமிழ் டீச்சர் பிரசவத்துக்காக வேலையை விட்டுவிட்டார். இடம் மறுபடியும் காலி. நேற்று விண்ணப்பப் பக்கத்தைத் திறந்துவிடச் சொன்னார்கள், திறந்துவிட்டேன். எச் ஒன் ஒன்றுதான் இருக்கிறது. படத்துக்கு 'பள்ளியின் முன் மாணவர்கள்' என்று மாற்றிவிட்டேன். இருபதாம் தேதி கடைசி. ஸ்ரீமதிக்கும் சொல்லிவிட்டேன், அவள் போட்டுப் பார்த்து எல்லாம் படிக்கிறது என்றாள். வருகிற விண்ணப்பங்களை நான் திறக்கமாட்டேன். பாஸ்வேர்டைப் பள்ளியிடமே கொடுத்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தை உனக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. முதலிலேயே இப்படி இருந்திருக்க வேண்டிய பக்கம் இது.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அழித்துவிட்டேன். நீ வருவாயா மாட்டாயா என்று மட்டும் சொல்லு. எதுவானாலும் சரி. தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

ராஜ்கமல்


சிதம்பரம்
18.9.2024

என்னங்க,

இந்த ரெண்டு வாரத்தில் உங்களைப் பல தடவை திட்டி எழுதி எதையும் அனுப்பவில்லை. நீங்கள் சொல்லாமலே இருந்திருந்தால் நான் வந்திருப்பேன், ஆயுசுக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டீர்கள். அதற்காக உங்களை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. இனி நான் ஏதாவது ஒன்றைச் செய்து அது நடக்கவில்லை என்றால், என் தப்பா, நீங்களா என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். கேஸ் அடுப்பு பற்றாவிட்டால் நினைப்பேன். கதவு திறக்காவிட்டால் நினைப்பேன். வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் கட்டாயம் நினைப்பேன். அப்படி ஒரு வீட்டில் கண் தெரிகிறவர்கள்கூட இருக்க முடியாது.

நேற்றுக் காலை விண்ணப்பம் போட்டேன். ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவளிடம்கூட எதுவும் கேட்கவில்லை. நல்ல பக்கம். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்கும் இனி இப்படியே செய்து கொடுங்கள்.

நான்காவது பெட்டியில், "தந்தை அல்லது கணவர் பெயர்" என்று அது கேட்டது. ஏப்ரலில் அந்தப் பெட்டிக்கு லேபிள் கிடையாது. "நாலாவதுல எம்பேரப் போடு" என்று நீங்கள் சொன்னீர்கள், நான் போட்டேன். ரெண்டில் எது வேண்டுமானாலும் போடலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது. பின்னால் போய் மறுபடியும் ஒரு தடவை கேட்டேன். பிறகு அப்பா பெயரை, கொளஞ்சியப்பன் என்று அடித்தேன்.

நான் வரப்போவதில்லை என்று அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இன்றைக்குக் காலையிலும், "மாப்ளைக்கு ஜொரம் உட்டுச்சாம்மா, எப்ப வராராம்" என்று கேட்டார். சாயங்காலம் அவர் டீ குடித்து முடித்ததும் சொல்லப் போகிறேன்.

சத்யப்பிரியா